பதில்: காசநோய் அறையில் ஸ்பிளிட் ஏசி மட்டும் போதுமா?

ஜன்னலை மூடி ஸ்பிளிட் ஏசி போட்ட அறையில் காசநோயாளியை வைத்திருப்பதாகவும், வெளியே வராந்தாவில் மற்றவர்கள் காத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பயம் நியாயமானது. ஸ்பிளிட் ஏசி உள்ளே இருக்கும் காற்றையேதான் குளிர்வித்துச் சுற்றவிடும், வெளிக்காற்றைக் கொண்டுவராது. அதன் வடிகட்டி தூசிக்குத்தான், கிருமிக்கு அல்ல.

இப்படிப்பட்ட அறைக்கு மணிக்கு 12 முறை காற்று மாற வேண்டும். 4 மீட்டர் நீளம், 3 அகலம், 3 உயரம் என்றால் 36 கன மீட்டர். அப்படியானால் மணிக்கு 432 கன மீட்டர் காற்றை வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் ஃபேன் தேவை. 12 முறை மாறினால் நோயாளி போன பிறகு 99 சதவீதக் கிருமி வெளியேற சுமார் 23 நிமிடம் ஆகும். 6 முறைதான் என்றால் 46 நிமிடம்.

ஃபேனை எங்கே வைக்கிறார்கள் என்பதைத் தயவுசெய்து நீங்களே பாருங்கள். இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கதவுக்குப் பக்கத்திலேயே வைத்தால் வராந்தாக் காற்று நேராக ஃபேனுக்குப் போய்விடும், கட்டிலருகே காற்று அப்படியே தேங்கி நிற்கும். கதவுக்கு எதிர்ச்சுவரில், நோயாளியின் தலைமாட்டுப் பக்கம் இருக்கட்டும். வெளியேறும் காற்று யாருடைய ஜன்னலுக்கும் நேரே போகக் கூடாது.

அப்புறம், கதவைச் சாத்திவிட்டு, வெளியிலிருந்து அடி இடுக்கில் ஒரு டிஷ்யூ துண்டைப் பிடித்துப் பாருங்கள். உள்பக்கம் இழுக்கப்பட்டால் சரி. வெளியே பறந்தால், வராந்தாவில் இருப்பவர்களை அன்றைக்கே வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.