இட்டேரிக்குக் கேட் போட்டுவிட்டார்கள், ஊராட்சியோ ‘அது எங்கள் ரோடு இல்லை’ என்கிறது

காங்கேயம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். இரண்டரை ஏக்கர் காடு (விவசாய நிலம்), அதற்குப் போக ஓர் இட்டேரி, அதாவது வேலிகளுக்கு நடுவே ஓடும் மண் வண்டித்தடம், இரண்டு பக்கமும் கிளுவை வேலி. மாமனார் காலத்தில் மாட்டு வண்டி போனது, இப்போது டிராக்டர். பக்கத்துக் காட்டைப் புதிதாக வாங்கியவர் ஆறு வாரத்துக்கு முன்பு ஜேசிபி வைத்து வேலியைப் பிடுங்கி, கல்லுக்கால் நட்டு, இரும்புக் கேட் போட்டுப் பூட்டிவிட்டார். கேட்டதற்கு, “இது என் பட்டா, வேணும்னா கோயில் வழியா சுத்திப் போங்க” என்றாராம். ஊராட்சி அலுவலகத்தில் “எங்க ரோடு ரிஜிஸ்டர்ல இது இல்லம்மா” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். “அப்போ இத்தனை வருஷம் நாங்க நடந்தது யாரோட வழி சார்?” என்று கேட்கிறார்.

அம்மா, முதலில் ஊராட்சி சொன்னதை ஒதுக்கி வையுங்கள். ஊராட்சியின் சாலைப் பதிவேடு பெரும்பாலும் எந்த ரோட்டை அவர்கள் பராமரிக்கிறார்கள் என்பதற்கான கணக்கு. தார் போடாத, மண் கொட்டாத இட்டேரிகள் அதில் ஏறாமலே இருந்திருக்கும். 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின் 125-ஆவது பிரிவு, நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, ஒன்றியச் சாலை என்று வகைப்படுத்தியவை போக, கிராமத்தில் உள்ள மற்ற பொதுச் சாலைகள் எல்லாம் கிராம ஊராட்சியைச் சேர்ந்தவை என்கிறது. பதிவேட்டில் எழுதினால்தான் பொதுவழி என்று அந்தப் பிரிவில் இல்லை. ஒரு வழி பொதுவழியா இல்லையா என்பதை வருவாய்த் துறை ஆவணங்களிலும் ஜனங்கள் நடந்த பழக்கத்திலும்தான் தேட வேண்டும்.

அதனால் மனு எழுதுவதற்கு முன்னால் மூன்று காகிதங்களைக் கையில் வாங்குங்கள். கிராம வரைபடம், அந்தச் சர்வே எண்ணின் புலப்படம் (அந்த நிலத்தை அளந்து வரைந்த படம்), அ-பதிவேடு (ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம், யார் பேரில் என்று சொல்லும் வருவாய்த் துறைக் கணக்கு). புலப்படமும் அ-பதிவேடும் இணையத்திலேயே கிடைக்கும், ஆனால் புலப்படத்தைப் போனில் பார்த்து முடிவு பண்ணாதீர்கள், பெரிதாக அச்செடுத்துப் பாருங்கள். இட்டேரி தனி சர்வே எண்ணோடு, தடித்த கோட்டுக்குள் இருக்கிறதா? அப்படியானால் அ-பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேராக ‘சர்க்கார் புறம்போக்கு’ என்றும், கடைசிக் கலத்தில் ‘வண்டிப்பாதை’ என்றும் இருக்க வேண்டும். இருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது. 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி பொதுச் சாலை, தெரு, சந்து, பாதை எல்லாம் அரசின் சொத்து. 7-ஆவது பிரிவில் நோட்டீஸ் கொடுத்து, 6-ஆவது பிரிவில் அந்தக் கேட்டை எடுக்கத் தாசில்தாருக்கு அதிகாரம் இருக்கிறது. அதற்கு நீங்கள் எந்த உரிமையையும் நிரூபிக்க வேண்டியதில்லை, அது அரசு நிலம் என்று காட்டினால் போதும்.

உங்கள் விஷயம் அவ்வளவு சுலபமாக இருக்காது என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் அவர் பட்டாவைக் காட்டித்தான் பேசுகிறார். அப்போது புலப்படத்தில் அவருடைய எண்ணுக்குள்ளேயே இரண்டு வரிசையாக விட்டுவிட்டுப் போகும் கோடு இருக்கிறதா என்று தேடுங்கள், பட்டா நிலத்துக்குள் ஓடும் வண்டிப்பாதையை அப்படித்தான் வரைவார்கள். அந்தக் கோடு பட்டாக்காரரின் சொந்தத்தைப் பறிக்காது, ஆனால் அளந்த அன்றைக்கே அங்கே வழி ஓடியது என்பதற்கு நல்ல சாட்சி. கோடு இல்லையென்றாலும் கலங்க வேண்டாம். 1980-களில் நடந்த யூ.டி.ஆர். வேலையில் (நில உடைமைப் பதிவேடுகளைப் புதுப்பித்த திட்டம்) எத்தனையோ பாதைகள் பக்கத்துப் பட்டாவுக்குள் போய் விழுந்திருக்கின்றன. எங்கள் வழக்குகளில் பாதி அங்கிருந்துதான் கிளம்புகிறது. அதற்கு முந்தைய செட்டில்மெண்ட் பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். பழையதில் வண்டிப்பாதை, புதியதில் பட்டா என்றால், பதிவைத் திருத்தச் சொல்லி மாவட்ட வருவாய் அலுவலர் வரை போகலாம். பட்டா என்பது வருவாய்க் கணக்கு, அதுவே சொந்தத்துக்கு முடிவான ஆதாரம் ஆகாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன.

அப்புறம் உங்கள் கிரயப் பத்திரம். அதில் நான்கெல்லை எழுதியிருப்பார்கள் பாருங்கள், ‘இட்டேரிக்கு வடக்கு’ என்றோ ‘மாமூல் வண்டித்தடத்தில் போக வர உரிமையுடன்’ என்றோ ஒரு வரி இருக்கிறதா? உங்கள் பத்திரத்தை மட்டும் பார்க்காதீர்கள், அவர் வாங்கிய பத்திரத்தையும், அதற்கு முந்தைய தாய்ப் பத்திரத்தையும் பதிவு அலுவலகத்தில் நகல் போட்டு வாங்குங்கள். அவர் பத்திரத்திலேயே அது எல்லையாக எழுதியிருந்தால், எல்லைக்கு வெளியே இருப்பதைத் தன் நிலம் என்று அவர் சொல்வது கஷ்டம்.

இப்போது ஒரு எச்சரிக்கை. கோபத்தில் எழுதும் மனுவில் எல்லோரும் ‘எனக்கு வேறு வழியே இல்லை’ என்று எழுதிவிடுகிறார்கள், நீங்கள் அப்படி எழுதவே கூடாது. கோயில் வழியாகச் சுற்றிப் போகலாம் என்று அவர் சொன்னதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் (அடுத்தவர் நிலத்தில் போக வர உள்ள உரிமை போன்றவற்றைச் சொல்லும் சட்டம்) 13-ஆவது பிரிவில் வரும் ‘அவசிய வழி’ உரிமை, வேறு வழி இருந்தால் நிற்காது, அந்த வழி எவ்வளவு சுற்றாக இருந்தாலும் சரி. உங்களுக்குப் பொருந்துவது 15-ஆவது பிரிவு: தடையில்லாமல், வெளிப்படையாக, யாரிடமும் கெஞ்சாமல் உரிமையாக 20 வருஷம் அனுபவித்த வழி. (அரசு நிலத்தின் மேல் கேட்டால் 30 வருஷம்.) இதற்கு வேறு வழி இருப்பது குறுக்கே நிற்காது. ஆனால் கேட் போட்டது தெரிந்தும் ஒரு வருஷம் சும்மா இருந்துவிட்டால் அனுபவம் அறுந்துபோனதாக எதிர்த்தரப்பு வாதாடும், வழக்குப் போடும் தேதிக்கு முந்தைய இரண்டு வருஷத்துக்குள் அந்த 20 வருஷ அனுபவம் வந்து முடிந்திருக்கவும் வேண்டும். இட்டேரி ஊருக்கே பொதுவானது என்றால் அதை முதலில் சொல்லுங்கள், 15-ஆவது பிரிவை மாற்றாக மட்டும் வையுங்கள். ‘எங்கள் குடும்பத்து வழி’ என்று முதல் மனுவிலேயே எழுதினால் பொதுவழி என்ற வாதத்தை நீங்களே கெடுத்துக்கொள்வீர்கள்.

ஆறு வாரம் ஆகிவிட்டது என்பதுதான் எனக்குக் கவலை. பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 166-ஆவது பிரிவில் வழித் தகராறு அமைதிக் குலைவாக மாறும் நிலை இருந்தால் கோட்டாட்சியர் விசாரித்துத் தடையை நீக்க உத்தரவு போடலாம், ஆனால் தகவல் அவருக்குப் போவதற்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் நீங்கள் அந்த வழியைப் பயன்படுத்தியிருக்க வேண்டும். இன்னும் ஆறு, ஏழு வாரம்தான் கையில் இருக்கிறது. பொதுவழி அடைப்புக்கு 152-ஆவது பிரிவும் உண்டு, ஆனால் எதிர்த்தரப்பு ‘இது பொதுவழியே இல்லை’ என்று நம்பத்தகுந்த சான்று காட்டினால், சிவில் நீதிமன்றம் முடிவு சொல்லும் வரை அது நின்றுவிடும்.

ஆகவே இந்த வாரமே தாசில்தாருக்கும் கோட்டாட்சியருக்கும் பதிவுத் தபாலில் மனு அனுப்புங்கள், காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள், எஃப்-லைன் அளவைக்கு (சர்வேயர் வந்து நில எல்லையை அளந்து காட்டுவது) பணம் கட்டுங்கள். பிடுங்கிப் போட்ட கிளுவையின் அடிக்கட்டைகள் இன்னும் வரிசையாகக் கிடக்கும், வண்டிச் சக்கரம் அழுத்திய தடம் கல்லுக்காலுக்கு உள்ளே தெரியும். அவற்றைத் தேதியோடு போட்டோ எடுங்கள். முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்ட உடனே, இடத்தை நேரில் பார்த்துக் கோர்ட்டுக்கு அறிக்கை தரும் வக்கீல் கமிஷனர் கேட்டு மனுப் போடச் சொல்லுங்கள், அடுத்த மழைக்கு உழுதுவிட்டால் அந்தத் தடம் போய்விடும். நாற்பது, ஐம்பது வருஷம் வளர்ந்த உயிர்வேலி அது, பிரண்டையும் கோவைக்கொடியும் படர்ந்து, காடையும் கௌதாரியும் ஒண்டிய இடம், அதை ஒரே காலையில் பிடுங்கியதை நினைத்தால் எனக்கே மனசு ஆறவில்லை.

கேட்டை நீங்களாக உடைக்காதீர்கள். அந்த இட்டேரியில் வண்டி ஓட்டிய, எழுபது வயது தாண்டிய இரண்டு பேரை இப்போதே போய்ப் பாருங்கள். அவர்கள் சொல்லப்போகும் சாட்சியம்தான் உங்கள் 20 வருஷம்.