டோனகல் டீசல் ரயில்கார்: எதைப் பார்க்கலாம், எதில் ஏறலாம்?

கேள்வி: மகள் டப்ளினில் படிக்கிறாள். ஆகஸ்டில் நானும், ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற என் அப்பாவும் அங்கே போகிறோம். அயர்லாந்தின் டோனகல் நேரோ கேஜ் பாதையில் ஓடிய டீசல் ரயில்காரில் (தனி என்ஜின் இல்லாமல் தானே ஓடும் பயணிகள் வண்டி) ஏற வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. எங்கே போக வேண்டும்? படத்தில் பஸ் போலவே இருக்கிறதே, பஸ்ஸைத்தான் தண்டவாளத்தில் ஏற்றிவிட்டார்களா?

பதில்: ஏறிப் போவதற்கு நான் சொல்லும் ஊர் ஃபின்டவுன். டோனகல் மாவட்டத்தில், ஃபின் ஏரிக்கரையில், பழைய கிளென்டீஸ் கிளைப்பாதையின் ஒரு துண்டைத் தன்னார்வலர்கள் மீட்டு 1995-இலிருந்து ஓட்டுகிறார்கள். அங்கே இருப்பது 1940-இல் வந்த 18-ஆம் எண் ரயில்கார். பழைய வண்டி என்பதால் சில நாள் பட்டறையில் இருக்கும், கோடையில் மட்டும்தான் சேவை. கிளம்பும் முன் ஒரு போன் போட்டுவிடுங்கள். இதைத் தவிர டோனகல் மாவட்டத்தில் இன்று ரயிலே கிடையாது. டப்ளினிலிருந்து லெட்டர்கென்னி வரை பஸ், அதற்கு மேல் வாடகைக் கார்.

பஸ்தானா என்ற கேள்விக்குப் பாதி ஆமாம். பாதை மூன்றடி அகலம், அதாவது 914 மி.மீ.; நம் மீட்டர் கேஜை விட எட்டரை செ.மீ. குறைவு. டோனகல் ரயில்வேயின் நிர்வாகி ஹென்றி ஃபோர்ப்ஸ் 1910-இல் பொறுப்பேற்றவர். 1907-இல் வாங்கிய சின்ன பெட்ரோல் ஆய்வு வண்டி ஒன்று கையில் இருந்தது. 1926-இல் நிலக்கரித் தொழிலாளர் வேலைநிறுத்தம் வந்து கரி தட்டுப்பட்டபோது அதுதான் கைகொடுத்தது. பத்துப் பேருக்காக நீராவி என்ஜினைப் பற்றவைத்து, டிரைவர், ஃபயர்மேன், கார்டு என மூவருக்குச் சம்பளம் கொடுப்பதை விட இது மலிவு என்று ஃபோர்ப்ஸுக்குப் புரிந்தது. அதே வருடம் இங்கிலாந்திலிருந்து இரண்டு ஃபோர்டு பெட்ரோல் ரயில்கார்களைப் பழைய வண்டி விலைக்கு வாங்கி, சக்கரங்களைத் தன் பாதைக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்.

டீசல் வந்தது 1931-இல். 7, 8 எண் வண்டிகளில் 74 குதிரைத்திறன் கொண்ட கார்ட்னர் ஆறு சிலிண்டர் என்ஜின். உடல் ஸ்ட்ரபேன் ஊர் ஓ’டோஹர்டி பட்டறையில் கட்டியது. பிரிட்டனையும் சேர்த்து அந்தத் தீவுகளில் அன்றாடப் பயணிகள் சேவைக்கு வந்த முதல் டீசல் ரயில்கார்கள் என்ற பெயர் இவற்றுக்கு உண்டு. உள்ளே லாரி, பஸ்ஸுக்குப் போடும் வகை என்ஜின்தான். அப்பா படத்தைப் பார்த்ததும் கண்டுபிடித்திருப்பார். பஸ் போலவே ஓட்டவும் செய்தார்கள்: ஸ்டேஷன் இல்லாத இடத்திலும், லெவல் கிராஸிங் பக்கத்திலும் நிறுத்தி ஆள் ஏற்றினார்கள். முதல் என்பதை விட இந்த நிறுத்தம்தான் என் கண்ணில் பெரிய விஷயம். சாலைப் பஸ் போட்டியைத் தாங்கி அந்த ரயில் 1959 கடைசி நாள் வரை பிழைத்ததற்கு இது முக்கியக் காரணம். சிவப்பு வண்ணச் சரக்கு வேகன் ஓரிரண்டைப் பின்னால் கோத்துக்கொண்டு போவதும் வழக்கம்.

7-உம் 8-உம் உடைக்கப்பட்டுவிட்டன, தேட வேண்டாம். கைக்கெட்டும் மூத்த டீசல் வண்டி 10-ஆம் எண்தான். அதைக் கட்டியது இங்கிலாந்தின் விகன் நகர் வாக்கர் பிரதர்ஸ் கம்பெனி, 1932-இல், பக்கத்து கிளாகர் வேலி ரயில்வேக்காக. அது மூடியதும் 1942-இல் டோனகலுக்கு வந்தது. என்ஜினும் டிரைவர் அறையும் ஒரு துண்டு, பயணிகள் பெட்டி இன்னொரு துண்டு. இரண்டும் இடையில் மடங்கும். அதனால் வளைவில் சுலபமாகத் திரும்பும், என்ஜின் அதிர்வும் பெட்டிக்கு அவ்வளவாக வராது. 1934-இலிருந்து டோனகல் வாங்கியவையும் இதே அமைப்புதான். ஃபின்டவுன் வண்டியும் அப்படியே, என்ஜின் மட்டும் 102 குதிரைத்திறன்.

10-ஆம் எண் இருப்பது பெல்ஃபாஸ்ட் அருகே கல்ட்ராவில், அல்ஸ்டர் போக்குவரத்து அருங்காட்சியகத்தில். டப்ளினிலிருந்து பெல்ஃபாஸ்டுக்கு ரயில், அங்கிருந்து பாங்கர் லைனில் கல்ட்ரா ஸ்டேஷன். ஆனால் ஒன்று: அது வட அயர்லாந்து, பிரிட்டனின் பகுதி. எல்லையில் யாரும் நிறுத்தாவிட்டாலும் வெறும் அயர்லாந்து விசா போதாது. குறுகிய கால விசாவில் பிரிட்டிஷ்-ஐரிஷ் திட்டக் குறிப்பு இருந்தால் தனி பிரிட்டன் விசா வேண்டாம். விண்ணப்பிக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அந்த ரயிலுக்கே இந்தத் தலைவலி இருந்தது: 1923-இலிருந்து ஸ்ட்ரபேன் எல்லையில் சுங்கச் சோதனைக்கு நின்றுதான் போயிற்று.

19, 20 எண் வண்டிகள் 1961-இல், அயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் நடுவே உள்ள மான் தீவுக்கு (Isle of Man) விற்கப்பட்டன. அங்கே பழுதுபார்ப்பு பாதியில் நின்றுபோனது. அவற்றுக்காகத் தனிப் பயணம் வேண்டாம்.

அப்பாவிடம் சொல்லுங்கள்: இந்த வண்டிகளுக்கு ஒரு பக்கம் மட்டும்தான் டிரைவர் அறை. கடைசி ஸ்டேஷனில் டர்ன்டேபிளில் (வண்டியைச் சுழற்றும் மேடை) வைத்துத் திருப்பினால்தான் முகம் பார்த்து ஓடும். மான் தீவுக்காரர்கள் இரண்டையும் முதுகோடு முதுகு சேர்த்து இந்த வேலையை மிச்சம் பிடித்தார்கள். ஃபின்டவுனில் எந்த முனையிலிருந்து ஓட்டுகிறார்கள் என்று அவர் தாமாகவே போய்ப் பார்ப்பார்.