வாங்கும் முன் கேளுங்கள்: பட்டை குக்கீஸ்

லீவு விட்டதும் எல்லார் வீட்டிலும் ஓவன் சூடாகிவிட்டது போல. வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சர்க்கரையிலும் பட்டைத்தூளிலும் புரட்டிச் சுடுகிற ஸ்னிக்கர்டூடில் என்ற அமெரிக்க குக்கீஸ் பற்றியவை. நீளமானவற்றைக் கத்தரித்திருக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கே: குறிப்பில் 'க்ரீம் ஆஃப் டார்ட்டர்' என்று இருந்தது. க்ரீம்தானே என்று ஃப்ரெஷ் க்ரீம் வாங்கி ஊற்றினேன், மாவு கூழாகிவிட்டது. கடைக்காரர் திரும்ப எடுக்க மறுக்கிறார். (கரூர்)

ப: அவர் ஏன் எடுக்க வேண்டும்? பாக்கெட்டைப் பிரித்துப் பாதியை ஊற்றியாயிற்று, அவர் விற்றதில் குறையும் இல்லை. நீங்கள் தேடியது ஒரு வெள்ளைத் தூள், ஒயின் பீப்பாயின் உட்புறம் படிகிற புளிப்பு உப்பு. சமையல் சோடாவோடு சேர்ந்து குக்கீஸை உப்ப வைப்பது அதுதான். தெரியாத பெயரைப் பார்த்தால் கடைக்குப் போகும் முன் ஒரு நிமிடம் தேடிப் பார்க்கக் கூடாதா?

கே: ஒரு தடவை சுடுவதற்காக அந்தத் தூளில் ஒரு டப்பா வாங்கணுமா? (மாணவர், கோவை)

ப: வேண்டாம் தம்பி. 1 டீஸ்பூன் சோடாவும் 2 டீஸ்பூன் டார்ட்டரும் கேட்டால், இரண்டையும் விட்டுவிட்டு 3 டீஸ்பூன் பேக்கிங் பவுடர் போடு. அந்த லேசான புளிப்பு மட்டும் குறையும்.

கே: 'சிலோன் பட்டை' என்று போட்டிருந்ததை நம்பி இரண்டு மடங்கு விலை கொடுத்து ஆன்லைனில் வாங்கினேன். வந்தது விறகு மாதிரி தடிமன். கேட்டால் "எல்லாம் ஒண்ணுதான் மேடம்" என்கிறார். (தஞ்சாவூர்)

ப: ஒன்று இல்லை, அது அவருக்கும் தெரியும். உங்களுக்கு வந்தது காஸியா. மளிகைக் கடையில் சுருள் பட்டை என்பார்களே, அதுதான் சிலோன்: மெல்லிய அடுக்குகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டிருக்கும், விரலாலேயே நொறுக்கலாம். காஸியா ஒரே தடித்த பட்டை, இரண்டு ஓரமும் உள்பக்கம் மடங்கியிருக்கும், உடைக்க உலக்கை தேட வேண்டும். நம் நாட்டு உணவுத் தர விதிகளிலேயே இரண்டும் தனித்தனிப் பொருள்.

இத்தனைக்கும் காஸியா ஒன்றும் கெட்ட சரக்கு இல்லை. அமெரிக்கக் கடைகளில் பட்டை என்று விற்பதே பெரும்பாலும் அதுதான், ஆகவே இந்த குக்கீஸுக்கு அந்தக் காரம்தான் பொருத்தம் என்றுகூடச் சொல்லலாம். சிலோன் விலையை வாங்கிக்கொண்டு காஸியாவைத் தள்ளிவிடுவதுதான் திருட்டு. தூளாக்கிவிட்டால் இன்னும் வசதி, எது எது என்று யார் கண்டது! நானே ஒரு விமான நிலையக் கடையில் அழகான கண்ணாடி ஜாடியில் தூள் வாங்கி, வீட்டுக்கு வந்து பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தால் காஸியா. ஜாடியில் இப்போது கடுகு இருக்கிறது.

காஸியாவில் கூமரின் என்ற பொருள் அதிகம். அளவு மீறினால் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும் என்பதால், உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.1 மில்லிகிராம் வரைதான் என்று ஐரோப்பாவில் வரம்பு வைத்திருக்கிறார்கள். எப்போதாவது நாலு குக்கீஸ் தின்பவர் பயப்பட வேண்டாம். எடை குறையும் என்று தினமும் ஸ்பூன் ஸ்பூனாகக் கலக்கிக் குடிப்பவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன், அம்மா. விட்டுவிடாதீர்கள். அந்த விற்பனைப் பக்கத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், அப்புறம் மாற்றிவிடுவார்கள். மீதிப் பட்டையை அரைக்காமல் போட்டோ எடுத்து, பில்லோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்; 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த பொருளுக்கு வழக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை.

கே: பிரவுன் சுகருக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை? (மதுரை)

ப: ஆகும். சலித்துப் போடுங்கள்.

கே: பாதி விலைக்கு 'பட்டர்' கிடைத்தது. குக்கீஸ் மெழுகு மாதிரி மேலண்ணத்தில் ஒட்டுகிறது. (திருப்பூர்)

ப: பாதி விலைக்கு வெண்ணெய் எங்கே கிடைக்கும்? பின்பக்கம் பாருங்கள், தாவரக் கொழுப்பு என்று இருக்கும். சட்டப்படி டேபிள் பட்டரில் 80 சதவீதமாவது பால் கொழுப்பு வேண்டும். பாக்கெட்டிலேயே 'பட்டர்' என்று அச்சடித்திருந்தால் மறுபடி எழுதுங்கள், சண்டை போடலாம்.

கே: கடையில் லேபிள் இல்லாத கவரில் கட்டிக் கொடுத்த டார்ட்டரைப் போட்டேன். குக்கீஸில் சோப்பு வாடை. (நாகர்கோவில்)

ப: அநேகமாக அது வெறும் சோடா. கவரில் மிச்சம் இருந்தால் ஒரு சிட்டிகை எடுத்து எலுமிச்சைச் சாறு விடுங்கள்: நுரைத்தால் சோடா, டார்ட்டர் நுரைக்காது. முன்கூட்டியே கட்டி விற்கும் உணவுப் பொருளில் பெயர், எடை, தேதி, விலை, கட்டியவர் முகவரி, 14 இலக்க உரிம எண் எல்லாம் இருந்தாக வேண்டும். கவரோடு போய்ப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். தரமாட்டேன் என்றால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள், அந்தக் கவரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.