அடுக்களைக் கேள்விகள்: கைதச்சக்கையும் சோடாவும்

கேள்வி: மே மாதம் மகளுக்குப் புதுநன்மை (கோவிலில் முதல் முறை நற்கருணை வாங்கும் நாள்). அறுபது பேர் வருவார்கள். வீட்டுக்காரர் பக்கத்து ஆட்களெல்லாம் பாறசாலை, நெய்யாற்றின்கரை. மண்டபத்தில் கலர் பவுடர் கரைத்துத் தருகிற வெல்கம் டிரிங்க் வேண்டாம், பழச்சாற்றில் சோடா சேர்த்து நாமே ஒரு பஞ்ச் போடலாம் என்று நினைக்கிறேன். போன மாதம் சித்தி மகன் நிச்சயத்துக்கு அப்படிப் போட்டார்கள். முதல் பந்திக்கு ஜோராக இருந்தது, இரண்டாம் பந்திக்கு வெறும் சர்க்கரைத் தண்ணீர். எப்படிச் செய்யலாம், அக்கா?
ஒரு வாசகி, கருங்கல்

பதில்: சாற்றை அண்டாவில் ஊற்றி, சோடாவையும் அதிலேயே கவிழ்த்து, ஐஸைக் கொட்டி, பெரிய கரண்டியால் ஒரு கலக்குக் கலக்கியிருப்பார்கள். கலக்கும்போது நுரை பொங்குவதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். பொங்கிப் போவது நாம் காசு கொடுத்து வாங்கிய வாயு. மார்த்தாண்டத்தில் எங்கள் குடும்பத்துக் கூல்பாரில் நின்ற நாளிலிருந்து நான் சொல்லி வருவது ஒன்றுதான்: சோடா அண்டாவுக்குப் போகக் கூடாது, டம்ளருக்குத்தான் போக வேண்டும்.

அண்டாவில் பழச்சாறு மட்டும் கெட்டியாக, நன்றாகக் குளிர்ந்து இருக்கட்டும். பந்தியில் பாதி டம்ளர் சாறு, மேலே பாதி சோடா. ஊற்ற இரண்டு பையன்களை நிறுத்தினால் போதும். டம்ளரைச் சற்றுச் சாய்த்து ஓரமாக ஊற்றச் சொல்லுங்கள், கரண்டியே வேண்டாம். சோடா இறங்குகிற வேகத்தில் தானாகக் கலந்துவிடும்.

குளிர்ச்சி ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், வாயு குளிர்ந்த நீரில்தான் தங்கும். ஃபிரிட்ஜில் 4 டிகிரியில் இருக்கும் தண்ணீர் பிடித்து வைக்கிற அளவில் பாதிகூட நம்மூர் மே மாத வெயிலில், 30 டிகிரியில் நிற்காது. சூடான சோடாவை ஐஸ் மேல் ஊற்றிச் சரிக்கட்ட முடியாது. ஐஸைத் தொட்டதுமே பாதி வாயு சீறிக்கொண்டு போய்விடும். அதனால் சோடா பாட்டில்களை முந்தின இரவே குளிர வையுங்கள். ஃபிரிட்ஜில் இடம் இல்லையென்றால் பெரிய வாளியில் ஐஸும் தண்ணீரும் ஒரு கை உப்பும் போட்டு, பாட்டில்களைக் கழுத்து வரை முக்கி வைத்தால் ஒரு மணி நேரத்தில் ஜில்லென்று ஆகிவிடும்.

அறுபது பேருக்கு மொத்தம் 12 லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு டம்ளர், வெயிலுக்குப் பாதிப் பேர் இரண்டாவதும் கேட்பார்கள். அதில் 6 லிட்டர் சோடா, அதாவது 600 மில்லி பாட்டில் பத்து. கேட்டதும் கொடுக்க இரண்டு கூடுதலாக இருக்கட்டும். மீதி 6 லிட்டர் சாறு: கைதச்சக்கை, அதாவது அன்னாசிப் பழச் சாறு மூன்றரை லிட்டர், வடிகட்டிய மாம்பழக் கூழ் ஒரு லிட்டர், பேஷன் ஃப்ரூட் சாறு அரை லிட்டர், எலுமிச்சைச் சாறு கால் லிட்டருக்குக் கொஞ்சம் மேலே, முக்கால் கிலோ சர்க்கரையில் காய்ச்சிய பாகு. இதோடு இரண்டு சிட்டிகை உப்பு. ஸ்பிரைட், செவன் அப் மாதிரி இனிப்புச் சோடாதான் ஊற்றப் போகிறீர்கள் என்றால் பாகை அடியோடு விட்டுவிடலாம். ஆனால் நான் வெறும் சோடாவுக்குத்தான் ஓட்டுப் போடுவேன். பழத்தின் ருசி அதில்தான் தெரியும்.

கைதச்சக்கை விஷயத்தில் நம் பக்கம் கொடுத்து வைத்தது. குலசேகரம் பக்கம் இளம் ரப்பர் மரங்களுக்கு நடுவே ஊடுபயிராக நிற்கிறது. கேரளத்தில் மூவாற்றுப்புழைக்கு அருகே வாழக்குளத்துப் பழம் 2009-லேயே புவிசார் குறியீடு வாங்கியது. மொரீஷியஸ் ரகம், சின்னப் பழம், இனிப்புக் கூடுதல். ஒன்றரைக் கிலோப் பழம் ஒன்றில் அரை லிட்டர் சாறு எதிர்பார்க்கலாம், ஏழு பழம் எடுங்கள். மேலே பச்சை இருந்தாலும் பரவாயில்லை. அடிப்பக்கத்தை மூக்கில் வைத்துப் பாருங்கள். வாசனை வரவில்லையென்றால் கடைக்காரர் என்ன சத்தியம் செய்தாலும் வேண்டாம்.

மிக்ஸியில் அடித்ததும் கைதச்சக்கை வெள்ளையாக நுரை தள்ளும். பயப்பட வேண்டாம். வடிகட்டி ஃபிரிட்ஜில் இரண்டு மணி நேரம் வைத்தால் நுரை மேலே ஆடைபோல் ஒதுங்கும், கரண்டியால் வழித்துவிடலாம். வழிக்காமல் விட்டால் சோடா பட்டதும் டம்ளர் விளிம்பைத் தாண்டி மேசையில் வழியும். சர்க்கரையையும் உப்பையும் கடைசியில் தூவாதீர்கள் என்று சொல்வதும் இதற்காகத்தான். கரையாத ஒவ்வொரு குறுணையும் வாயுவுக்கு வெளியே வர ஒரு வாசல். எல்லாம் சாற்றிலேயே கரைந்து, வடிந்து, தெளிந்து இருக்க வேண்டும்.

பேஷன் ஃப்ரூட்டை மட்டும் மிக்ஸியில் போடாதீர்கள். விதை உடைந்தால் கசப்பு, கறுப்புத் துகள் வேறு. பழத்தை வெட்டி வழித்து, வடிகட்டியில் கரண்டி முதுகால் அழுத்துங்கள். தோல் சுருங்கின பழம்தான் நல்லது, மொழுமொழுவென்று இருப்பது புளிக்கும். நாலைந்து பழத்தின் சதையை விதையோடு தனியே எடுத்து வையுங்கள். டம்ளரில் சோடா ஊற்றினதும் அதில் அரைக் கரண்டி போட்டால், விதைகளில் குமிழி ஒட்டிக்கொண்டு மேலே வரும், மேலே வந்ததும் குமிழி உடைந்து கீழே போகும், திரும்ப ஏறும். பிள்ளைகள் குடிக்க மறந்து வேடிக்கை பார்ப்பார்கள். சோடா கொஞ்சம் வாயு இழக்கத்தான் செய்யும், அந்த வேடிக்கைக்கு அது போகட்டும்.

சிவப்பு நிறம் வேண்டும் என்றால் பாட்டில் சிரப் வாங்காதீர்கள். மருந்து அடிக்காத ஐந்திதழ்ச் செம்பருத்திப் பத்துப் பதினைந்து பறித்து, இதழை மட்டும் கொதிநீரில் போட்டு வடிகட்டி, எலுமிச்சை பிழிந்தால் மங்கின ஊதா பளிச்சென்று சிவக்கும். அதைப் பாகாக்கி டம்ளரின் அடியில் ஒரு விரல் உயரம் விட்டு, சாற்றை மெதுவாக ஊற்றினால் அடியில் சிவப்பு, மேலே மஞ்சள். கனமான பாகு கீழேயே நிற்கும்.

பார்வைக்கு அழகு என்று வெண்கல உருளியிலோ ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்திலோ சாற்றை வைக்க வேண்டாம். புளிப்பு செம்பை அரிக்கும். எவர்சில்வர் போதும்.

கேள்வி: கைதச்சக்கையோடு பால், வெனிலா ஐஸ்கிரீம் சேர்த்துச் செய்தேன். அரை மணி நேரத்தில் கசந்துவிட்டது. ஜெலாட்டின் போட்டதும் உறையவில்லை. பழம் கெட்டதா?
ஒரு வாசகர், களியக்காவிளை

பதில்: பழத்தில் குற்றமில்லை. வேகவைக்காத கைதச்சக்கையில் புரோமெலைன் என்று ஒரு நொதி உண்டு, புரதத்தை அறுக்கிற வேலை அதற்கு. நிறையத் தின்றால் நாக்கு எரிவதற்கு அதுவும் ஒரு காரணம். பாலில் புரதம், ஜெலாட்டினும் புரதம். இரண்டையும் அது விடாது. துண்டுகளைச் சர்க்கரையோடு பத்து நிமிடம் கொதிக்க வைத்து ஆற விடுங்கள், சூட்டில் நொதி செத்துவிடும். டப்பாப் பழத்தில் இந்தத் தொல்லை இல்லாததும் அதனால்தான். கொதிக்க வைக்க மனமில்லையென்றால் சைனா கிராஸ் போட்டு உறைய வையுங்கள். அது கடற்பாசிச் சரக்கு, புரதமில்லை, கைதச்சக்கையால் ஒன்றும் செய்ய முடியாது. பச்சைப் பப்பாளியும் இதே ஜாதிதான்.

கேள்வி: எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஐஸ் பிளான்ட். கட்டி ஐஸ் சல்லிசாகக் கிடைக்கும். பஞ்சில் போடலாமா? புகை வருகிற ஐஸும் போடலாம் என்கிறான் மண்டபம் அலங்கரிக்கிற பையன்.
ஒரு வாசகி, குளச்சல்

பதில்: மீனுக்கு அடிக்கிற கட்டி ஐஸைப் பாட்டிலைக் குளிரவைக்கிற வாளியில் போடுங்கள், வாயில் போகிறதில் வேண்டாம். அது குடிதண்ணீரில் செய்ததுதான் என்று யாரும் உறுதி தரமாட்டார்கள். வாளியில் நனைந்த பாட்டிலையும் திறக்குமுன் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிடுங்கள். வீட்டில் கொதித்து ஆறின தண்ணீரைச் சோற்றுப் பாத்திரத்தில் ஊற்றி உறைய வைத்துப் பெரிய கட்டியாகச் சாற்று அண்டாவில் மிதக்க விடுங்கள். பெரிய கட்டி மெதுவாகத்தான் கரையும், சாறு சீக்கிரம் நீர்க்காது.

புகை ஐஸ் என்பது உறைந்த கார்பன் டை ஆக்சைடு, மைனஸ் 78 டிகிரி. டம்ளரில் ஒரு துண்டு தங்கி யாராவது விழுங்கினால் தொண்டையும் குடலும் வெந்துபோகும். பிள்ளைகள் இருக்கிற பந்தியில் வேண்டவே வேண்டாம். அந்தப் பையனிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

கேள்வி: பஞ்ச் என்றால் 'கொஞ்சம்' ஊற்றினால்தான் பஞ்ச் என்கிறார் என் மைத்துனர். மீந்த சாற்றை என்ன செய்வது?
ஒரு வாசகி, தக்கலை

பதில்: முதல் கேள்விக்கு: உங்கள் மைத்துனர் தன் டம்ளரைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ளட்டும். பிள்ளைகள் எடுக்கிற அண்டாவில் வேண்டாம், மக்களே. இரண்டாவதுக்கு: சோடா சேராத சாறுதானே, மறுநாள் வரை ஃபிரிட்ஜில் இருக்கும். அதற்குமேல் வைப்பதானால் சிப்-அப் கவரில் (உறைய வைத்து உறிஞ்சிச் சாப்பிடுகிற நீளமான பிளாஸ்டிக் கவர்) ஊற்றி, வாயைக் கட்டி, ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். ஸ்கூல் திறக்கிற வரைக்கும் பிள்ளைகள் கடைக்கு ஓட மாட்டார்கள்.