தினமும் மூன்று மணி நேரம் இசைச் சாதகம் (பயிற்சி) செய்தும் மேடையில் ஏன் தடுமாறுகிறேன்? மூளை அறிவியல் இதற்கு உதவுமா?

கேள்வியைப் படித்ததும் எனக்கே வயிற்றைக் கலக்கியது. வர்ணத்தை (கர்நாடகக் கச்சேரியின் தொடக்கத்தில் வாசிக்கும் உருப்படி) எடுத்தால் முதலிலிருந்து கடைசி வரை வாசிப்பது, எங்கேயாவது பிசகினால் மறுபடி பல்லவிக்கே போவது. நீங்களும் அந்தக் கட்சிதானே? நான் முப்பது வருஷமாக அந்தக் கட்சி.

2022 மார்கழியில், நங்கநல்லூரில் எங்கள் தெருப் பிள்ளையார் கோவிலில் முக்கால் மணி நேரம் வயலின் வாசிக்கக் கூப்பிட்டார்கள். பைரவி அட தாள வர்ணத்தில் ஆரம்பித்தேன். சின்ன வயதுப் பாடம், தூக்கத்தில் எழுப்பினாலும் விரல் ஓடும். சரணத்தில் மூன்றாவது ஸ்வரப் பகுதி போகும்போது மைக் 'கீய்' என்று கத்தியது. கை நின்றுவிட்டது. அடுத்து என்ன? சுத்தமாக வரவில்லை. சரண வரிக்குத் திரும்பி மறுபடி வந்தேன், அதே இடத்தில் அதே பள்ளம். மிருதங்கம் வாசித்த பையன் என் முகத்தையே பார்க்கிறான். இன்னொரு தடவை சரணத்தை வாசித்து, நேராகக் கடைசி ஸ்வரப் பகுதிக்குத் தாவினேன். முடிந்ததும் ஒரு மாமி வந்து, "சரணத்த மூணு தடவ வாசிச்சியே, பிரமாதம்!" என்றார். சுண்டல் தொண்டையில் இறங்கவில்லை.

நான் டாக்டர் இல்லை, கணக்கு டீச்சர். அதற்குப் பிறகு படித்ததில் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். க ங ச ஞ என்று மடமடவென ஒப்பிப்போம். 'ழ'வுக்கு முந்தின எழுத்து எது என்று கேட்டால், ய-விலிருந்து வாய்க்குள் முணுமுணுக்க வேண்டும். என் வர்ணமும் அப்படித்தான் மனதில் இருந்தது. ஒரு ஸ்வரம் அடுத்ததை இழுத்துவரும். நடுவில் அறுந்தால் போச்சு.

இப்போது வர்ணத்தைத் துண்டு துண்டாகச் சீட்டில் எழுதி ஊறுகாய் பாட்டிலில் போட்டிருக்கிறேன். எது வருகிறதோ அங்கிருந்து ஆரம்பம். முதல் மாதம் கேட்கச் சகிக்காது, பயப்படாதீர்கள். 1979-இல் அமெரிக்காவில் கை அசைவுகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தவர்கள் பயிற்சியின்போது முந்தினார்கள். கலந்து கலந்து செய்தவர்கள் பத்து நாள் கழித்து நன்றாகச் செய்தார்கள். வீட்டில் இனிமையாகக் கேட்பதை வைத்துப் பாடம் ஆகிவிட்டது என்று நினைப்பதுதான் நம் ஏமாளித்தனம்.

உங்கள் மூன்று மணி நேரத்தையும் உடைத்துவிடுங்கள். ஒரு பிடியை, அதாவது சின்ன ஸ்வரக் கோவையை, வாசித்தால் பத்து விநாடி வில்லை இறக்கிச் சும்மா இருங்கள். எண் வரிசையைத் தட்டச்சு செய்தவர்களை வைத்து 2021-இல் வந்த ஓர் ஆய்வில், அந்தக் குட்டி ஓய்வில் மூளை அதே வரிசையைச் சுமார் இருபது மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்ப்பது தெரிந்தது. ராத்திரித் தூக்கமும் அவசியம்.

"குருகுலத்தில் இதெல்லாம் உண்டா?" என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: சரளி வரிசை, அகார சாதகம் மாதிரி அடிப்படைப் பயிற்சிகளை நான் குறை சொல்லவில்லை. என் வாத்தியார் மேலும் தப்பில்லை. "நடுவுலேர்ந்து எடு" என்று அவர் சொன்னபோதெல்லாம் மழுப்பியவள் நான்தான்.

மேடை நடுக்கத்துக்குத் தனி வைத்தியம். மூன்று மாடி வேகமாக ஏறி, படபடப்பு அடங்குவதற்குள் வில்லை எடுப்பேன். அட்ரினலினில் கை நடுங்குவது பழகிவிடும். (இதய நோய் உள்ளவர்கள் செய்யாதீர்கள், அப்புறம் என்னைத் திட்டாதீர்கள்.) அடுத்த மார்கழியிலும் ஓரிடத்தில் வழுக்கினேன், ஆனால் அரை ஆவர்த்தனத்தில் (தாளத்தின் பாதிச் சுற்றில்) பிடித்துவிட்டேன்.

மாடி ஏறுவதும் ஆசைப்பட்டு அல்ல. எங்கள் அடுக்ககத்தில் லிஃப்ட் எட்டு மாதமாக ஓடவில்லை. மாதம் 3,500 ரூபாய் மெயின்டனன்ஸ் மட்டும் ஒன்றாம் தேதி டாணென்று கேட்பார்கள். காலை ஆறு மணி வயலின் தொந்தரவு என்று வாட்ஸ்அப் குழுவில் சுற்றறிக்கை போடத் தெரிந்த செயலாளருக்கு லிஃப்ட் மெக்கானிக்கின் நம்பர் மட்டும் கிடைக்கவில்லையாம். "லிஃப்ட் ஓடினா உன் சாதகம் போயிடும்மா" என்று என் மகள் சிரிக்கிறாள். அதற்காக அறுபது வயதுக்காரர்கள் காய்கறிப் பையோடு மூன்று மாடி ஏற வேண்டுமா?