அருளா, முயற்சியா? இரு மரபுகளும் எழுப்பிய ஒரே கேள்வி

ஆன்மிகம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எல்லாச் சமயங்களும் ஒரே கடலில் கலக்கும் ஆறுகள் என்று சிறு வயது முதல் கேட்டு வருகிறோம். அப்படியிருக்க, கீழைநாட்டு ஆன்மிகத்துக்கும் மேலைநாட்டு ஆன்மிகத்துக்கும் பொதுத்தளம் என்று ஒன்றைத் தனியாகத் தேட வேண்டுமா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: தங்கள் கூற்றின் பின்னால் இருக்கும் நல்லெண்ணத்தை மதிக்கிறேன். ஆயினும் அந்தக் கூற்றை அப்படியே ஏற்க என்னால் இயலவில்லை. எல்லாம் ஒன்றே என்று முன்கூட்டியே முடிவு கட்டிவிட்டவருக்கு, அடுத்தவர் தம் வழிபாட்டைப் பற்றி என்ன சொல்கிறார் என்று காதுகொடுத்துக் கேட்க வேண்டிய தேவையே இல்லாமல் போய்விடுகிறது.

கிழக்கு என்று நாம் சொல்வது முதலில் ஒரே மரபன்று. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டாரும் அவர் வழிவந்த ஆசிரியர்களும் சைவ சித்தாந்தத்தைச் சாத்திரமாக வகுத்தபோது, உயிரும் இறையும் ஒன்றே என்ற கொள்கையை மாயாவாதம் என்று பெயரிட்டு மிகக் கடுமையாக மறுத்தார்கள். மேற்கும் அவ்வாறே பலவாகப் பிரிந்து கிடக்கிறது. ஜெர்மானியத் துறவியான மைஸ்டர் எக்கார்ட், "எந்தக் கண்ணால் நான் இறைவனைக் காண்கிறேனோ, அதே கண்ணால்தான் இறைவன் என்னைக் காண்கிறான்" என்று பிரசங்கம் செய்தார். அவர் மறைந்த பிறகு, 1329இல், திருத்தந்தை இருபத்திரண்டாம் ஜான் அவருடைய போதனையிலிருந்து 28 கூற்றுகளை எடுத்துக் காட்டிக் கண்டித்தார். "சீவன் எனச்சிவன் என்னவே றில்லை" என்று பாடிய திருமூலரை எக்கார்ட் படித்திருக்க வாய்ப்பே இல்லை. என்றாலும், தம்மைக் கண்டித்த திருத்தந்தையைவிடத் திருமூலருக்கே அவர் அருகில் நிற்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆகவே கிழக்கு, மேற்கு என்று நாம் போடும் கோடு, உண்மையான வேறுபாடுகள் இருக்கும் இடத்தில் விழுவதில்லை. இதை ஏற்றுக்கொண்ட பிறகு செய்யும் தேடலில்தான் பயன் இருக்கும்.

கேள்வி: அப்படியானால், கொள்கையளவில் இரு மரபுகளும் நெருங்கி வரும் இடம் என்று எதைச் சொல்வீர்கள்? பொதுவாகச் சொல்லாமல் ஓர் உதாரணத்தோடு விளக்க வேண்டுகிறேன். (வாசகி, திருநெல்வேலி)

பதில்: இறையருள் பற்றிய விவாதத்தைச் சொல்வேன். முடிவுகளில் ஒற்றுமை தேடுகிறவர்கள் பெரும்பாலும் ஏமாந்துபோகிறார்கள். இரு மரபுகளும் தத்தம் வீட்டுக்குள் எதைப் பற்றிச் சண்டையிட்டன என்று பார்த்தால், அங்கே வியக்கத்தக்க ஒற்றுமை புலப்படுகிறது.

இன்றைய அல்ஜீரியாவில் இருந்த ஹிப்போ நகரின் ஆயர் அகுஸ்தீன் (354–430), இறைவனை நோக்கி, "நீர் கட்டளையிடுவதைச் செய்யும் வல்லமையை நீரே தாரும்; அதன்பின் நீர் விரும்புவதைக் கட்டளையிடும்" என்று எழுதினார். ரோமில் ஓர் ஆயர் இந்த வரியை எடுத்துச் சொன்னபோது, பிரித்தானியாவிலிருந்து வந்த பெலாகியுஸ் என்ற துறவி அதைத் தாங்க மாட்டாமல், சொன்னவரோடு ஏறக்குறைய சண்டைக்கே போய்விட்டார் என்று அகுஸ்தீனே பதிவு செய்திருக்கிறார். நல்வழியில் நடக்கும் ஆற்றலையும் இறைவனே தர வேண்டுமென்றால், மனிதன் தன் சோம்பலுக்குச் சாக்குச் சொல்ல அதுவே போதும் என்பது பெலாகியுஸின் கவலை. அகுஸ்தீனின் கவலை வேறு. தன் முயற்சியால் கரையேறினேன் என்று நினைப்பவனிடம் ஆணவம் எஞ்சி நிற்கிறதே, அவன் எப்படிக் கரையேறியவன் ஆவான் என்று அவர் கேட்டார். 529இல் பிரான்சின் ஒராஞ்ச் நகரில் கூடிய ஆயர்களின் சங்கம் பெரும்பாலும் அகுஸ்தீன் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆனால் வழக்கு அத்துடன் முடியவில்லை. ஆயிரம் ஆண்டுகள் கழித்து, 1524–25இல், கத்தோலிக்க அறிஞர் எராஸ்மஸும் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தரும் அதே வழக்கை மறுபடியும் நடத்தினார்கள்.

இதை வாசிக்கும் தமிழருக்கு ஸ்ரீரங்கம் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. சரணாகதி அடைந்தவனை இறைவன் காக்கும்போது, காக்கப்படுபவனின் பங்கு என்ன என்ற கேள்விதான் ஸ்ரீவைணவ ஆசிரியர்களான பிள்ளை லோகாசாரியரின் வழியினரையும் வேதாந்த தேசிகரின் வழியினரையும் பிரித்த முதன்மையான கேள்விகளுள் ஒன்று. தாயைக் குட்டி இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்கு நெறி, தாயே குட்டியைக் கவ்விச் செல்லும் பூனை நெறி என்று அதை நாம் பாடப் புத்தகங்களில் சுருக்கிவிடுகிறோம். உண்மையில் விவாதம் அதைவிட நுட்பமானது. சரணாகதி என்ற சிறு செயலையாவது இறைவன் ஒரு வியாஜமாக, அதாவது அருள்வதற்கு ஒரு சாக்காக, எதிர்பார்க்கிறான் என்பது தேசிகர் தரப்பு. அந்தச் சரணாகதியைக்கூட 'நான் செய்த உபாயம்' என்று எண்ணலாகாது என்பது லோகாசாரியர் தரப்பு. சைவத்தில் இந்தச் சிக்கலை மாணிக்கவாசகர் ஒரே வரியில் வைத்துவிட்டார்: "அவன்அரு ளாலே அவன்தாள் வணங்கி". வணங்குவது நம் செயல். ஆனால் வணங்க வைப்பது அவன் அருள். பின்வந்த சித்தாந்த ஆசிரியர்கள் இருவினையொப்பு (நல்வினை, தீவினை இரண்டையும் சமமாகக் கருதும் நிலை), மலபரிபாகம் (உயிரைப் பிணித்த மலம் நீங்கும் பக்குவம் அடைதல்), சத்திநிபாதம் (இறையருள் உயிரில் பதிதல்) என்று படிப்படியாக இதை விளக்கினார்கள்.

அகுஸ்தீனுக்கும் பெலாகியுஸுக்கும் நடுவே நின்றவர் ஒருவரும் உண்டு. எகிப்தியப் பாலைவனத் துறவிகளிடம் பயின்று, பின்னர் மார்செய் நகரில் மடம் அமைத்த யோவான் கசியான் என்பவர், சில வேளைகளில் மனித விருப்பம் முந்திக்கொள்கிறது, சில வேளைகளில் அருள் முந்திக்கொள்கிறது, இரண்டையும் நாம் அனுபவத்தில் காண்கிறோம் என்று எழுதினார். தேசிகரின் வியாஜத்தை அறிந்த ஒருவர் கசியானைப் படித்தால் அந்நியரைப் படிக்கும் உணர்வே இராது. ஜெர்மனியின் மார்பூர்க் பல்கலைக்கழகத்தில் இறையியல் பேராசிரியராக இருந்த ருடால்ஃப் ஓட்டோ, இந்தியாவின் அருள்நெறியையும் கிறித்தவத்தையும் ஒப்பிட்டு 1930இலேயே தனி நூல் வெளியிட்டதற்கு இந்த நெருக்கமே காரணம்.

வேறுபாட்டையும் சொல்லிவிட வேண்டும். அகுஸ்தீனுக்கு அருள் முதலாவதாகப் பாவத்தின் மன்னிப்பு. சித்தாந்திக்கு அது, உயிரின் அறிவை மறைக்கும் அநாதியான ஆணவ மலத்தின் பிணிப்பைத் தளர்த்துவது. நோயின் பெயர் வேறாக இருப்பதால் மருந்தின் இயல்பும் முழுவதும் ஒன்றாக இருக்க முடியாது.

கேள்வி: நான் கத்தோலிக்கப் பெண். காலையிலும் மாலையிலும் ஒரு சிறு ஜெப வாக்கியத்தை மனத்துக்குள் திரும்பத் திரும்பச் சொல்லித் தியானம் செய்கிறேன். 'அது இந்துக்களின் ஜபம், நமக்கு உரியதன்று' என்று உறவினர்கள் தடுக்கிறார்கள். அவர்கள் சொல்வது சரியா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: தங்கள் கேள்விக்கு விடையாக ஒருவருடைய வாழ்க்கையையே சொல்லிவிடலாம்.

ஜான் மெயின் என்ற ஆங்கிலேயக் கத்தோலிக்கர் 1950களில் மலாயாவில் காலனி அரசுப் பணியில் இருந்தார். அலுவல் நிமித்தமாக அவர் சந்தித்தவர்களுள் ஒருவர், கோலாலம்பூரில் சுத்த சமாஜத்தை நிறுவி, ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லத்தை நடத்தி வந்த சுவாமி சத்யானந்தா. அலுவல் பேச்சு முடிந்ததும் உரையாடல் ஜெபத்தின் பக்கம் திரும்பியது. தாம் மந்திரம் ஒன்றைச் சொல்லித் தியானிப்பதைச் சுவாமி விளக்கியபோது, கிறித்தவனாகிய நானும் இதைப் பயில முடியுமா என்று மெயின் கேட்டார். சுவாமி சிரித்துவிட்டு, அது உங்களை இன்னும் நல்ல கிறித்தவராக ஆக்கும் என்றார். காலையிலும் மாலையிலும் அரை மணி நேரம் தவறாமல் அமர வேண்டும், மந்திரம் கிறித்தவ மந்திரமாகவே இருக்க வேண்டும் என்பவை அவர் கொடுத்த பயிற்சியின் விதிகள். மதம் மாறச் சொல்லவில்லை என்பது மட்டுமன்று, மந்திரத்தைக்கூட மாற்றிக்கொள்ளச் சொல்லவில்லை என்பதைத் தங்கள் உறவினர்கள் கவனிக்க வேண்டும்.

பின்னர் மெயின் லண்டனில் பெனடிக்ட் சபையில் துறவியாகச் சேர்ந்தபோது, இது கிறித்தவ ஜெபமுறை ஆகாது என்று சொல்லி புதிதாகச் சேர்ந்த துறவிகளைப் பயிற்றுவிக்கும் அவருடைய நவசந்நியாசப் பயிற்சியாளர் தடுத்தார். அவரும் கீழ்ப்படிந்து பல ஆண்டுகள் அதை விட்டுவிட்டார். 1970களில் வாஷிங்டனில் பள்ளித் தலைவராக இருந்த காலத்தில், பழைய துறவற நூல்களைப் புரட்டியபோது, நான் மேலே குறிப்பிட்ட அதே யோவான் கசியானின் எழுத்து அவர் கைக்கு வந்தது. ஒரே ஒரு திருப்பாடல் அடியை எடுத்துக்கொண்டு, உண்ணும்போதும் நடக்கும்போதும் உறங்கப்போகும்போதும் அதையே இடைவிடாமல் சொல்லுங்கள் என்று கசியான் 5ஆம் நூற்றாண்டில் எழுதியிருந்தார். "இறைவா, எனக்குத் துணைபுரிய வாரும், ஆண்டவரே, எனக்கு உதவி செய்ய விரைந்து வாரும்" என்பதே அந்த அடி. திருச்சபையின் அன்றாட வேளைச் செபமான திருப்புகழ்மாலையைச் செபிக்கும் வழக்கம் தங்களுக்கு இருந்தால், இந்த அடி தங்களுக்குப் பழக்கமானதாகவே இருக்கும். ஒரு இந்துத் துறவியிடம் கற்ற முறை தம் சொந்தச் சபையின் அடித்தளத்திலேயே இருந்ததை மெயின் அப்போதுதான் கண்டார். 1975 முதல் அவர் லண்டனில் தியானக் குழுக்களைத் தொடங்கினார். 1982இல் மறையும் வரை அதுவே அவர் பணியாயிற்று.

வத்திக்கான் 1989இல் கிறித்தவத் தியானம் பற்றி ஆயர்களுக்கு அனுப்பிய மடல் எச்சரிக்கைகள் நிறைந்தது. உடல் அமைதியால் வரும் இதத்தைத் தூய ஆவியின் ஆறுதல் என்று மயங்கிவிடக் கூடாது என்று அது கூறுகிறது. அந்த எச்சரிக்கை நியாயமானது என்றே கருதுகிறேன். அதே மடல், பிற சமயங்களின் முறைகள் கிறித்தவமல்லாதவை என்ற காரணத்துக்காக மட்டும் அவற்றை ஒதுக்கிவிடலாகாது என்றும் சொல்கிறது. தாங்கள் பயில்வதைத் தொடருங்கள். தியானம் அறிந்த ஒரு குருவானவரின் வழிகாட்டுதலையும் பெறுங்கள்.

கேள்வி: குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில் உள்ள சாந்திவனத்தில், கோயில் விமானம் போன்ற கட்டடமும், காவி உடுத்திய துறவிகளும், சந்தனமும் விபூதியும் இருக்கின்றன. ஆனால் அது கிறித்தவ ஆசிரமம். இது மதமாற்றத்துக்கான உத்திதானே? (வாசகர், கரூர்)

பதில்: தங்கள் ஐயத்துக்கு வரலாற்றில் ஆதாரம் உண்டு. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நோபிலி துறவிக்கோலம் பூண்டு தமிழிலும் வடமொழியிலும் தேர்ச்சி பெற்றது, மக்களைக் கிறித்தவத்துக்குக் கொணரும் நோக்கத்தோடுதான். அதை அவர் மறைக்கவும் இல்லை. ஆனால் சாந்திவனத்தின் கதை அந்த வழியில் செல்லவில்லை.

அதை 1950 மார்ச் 21 அன்று காவிரிக்கரையில் தொடங்கியவர்கள் ஜூல் மோன்ஷானன், ஆன்ரி லு சோ என்ற இரு பிரெஞ்சுக் குருக்கள். மோன்ஷானன் பரம அரூபி ஆனந்தம் என்றும், லு சோ அபிஷிக்தானந்தர் என்றும் பெயர் சூட்டிக்கொண்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டில் இருவரும் திருவண்ணாமலை சென்று ரமணரைத் தரிசித்திருந்தார்கள். முதல் தரிசனத்தில் லு சோவுக்கு ஏமாற்றமே மிஞ்சியது. ஆனால் சில நாள்களுக்குள் அந்த மௌனம் அவரைப் பிடித்துக்கொண்டது. பிற்பாடு அருணாசலத்தின் குகைகளில் தங்கித் தவம் செய்தார். திருக்கோவிலூர் தபோவனத்தில் ஞானானந்தகிரி சுவாமிகளின் அருகே இருந்து அவரைக் குருவாகவே ஏற்றார்.

இதன் விளைவு இருவரிடமும் ஒரே மாதிரியாக இல்லை. அத்வைதத்தை ஆழ அறியும்தோறும் மோன்ஷானன், அதற்கும் திரித்துவ (தந்தை, மகன், தூய ஆவி என்ற மூவொரு கடவுள்) விசுவாசத்துக்கும் இடையே கடக்க முடியாத பள்ளம் இருக்கிறதோ என்று கலங்கினார். 1957இல் பாரிஸில் மறைந்தார். லு சோ திருப்பலியையும் விடவில்லை, உபநிடதத்தையும் விடவில்லை. இரண்டையும் அவசரமாக ஒன்றாக்குவதைவிட, விடியும் வரை இரண்டையும் அந்த வேதனையோடு பற்றியிருப்பதே நேர்மை என்று தம் நாட்குறிப்பில் எழுதினார். 1968இல் வடக்கே இமயத்துக்குப் போய், 1973இல் இந்தூரில் காலமானார். மதம் மாற்ற வந்தவர்கள் என்று இவர்களைச் சொன்னால், மாற்றம் அதிகம் நேர்ந்தது அவர்களுக்குத்தான். 1968 முதல் 1993இல் மறையும் வரை ஆசிரமத்தை நடத்திய ஆங்கிலேயரான பீட் கிரிஃபித்ஸ் காலத்தில், காலையில் சந்தனம், நண்பகலில் குங்குமம், மாலையில் விபூதி என்று ஒவ்வொரு வழிபாட்டிலும் நெற்றிக்கு இடும் வழக்கம் நிலைபெற்றது. இதை இந்துக்களில் சிலர் எங்கள் சின்னங்களை எடுத்துக்கொள்கிறீர்கள் என்று எதிர்த்தார்கள். கத்தோலிக்கர்களில் சிலர் விசுவாசத்தை நீர்க்கச் செய்கிறீர்கள் என்று எதிர்த்தார்கள். முதல் எதிர்ப்பில் நியாயம் உண்டு. ஒரு சமூகத்தின் புனிதச் சின்னத்தைக் கையாளுகிறவர் அந்தச் சமூகத்திடம் விளக்கம் சொல்லக் கடமைப்பட்டவர். ஆனால் லு சோ பட்ட பாட்டை உத்தி என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

கேள்வி: மறுபிறவியை ஏற்பதிலும் மறுப்பதிலும் இரு தரப்பும் எப்படி உடன்பட முடியும்? (வாசகர், ஈரோடு)

பதில்: முடியாது. மனிதர் ஒரே முறைதான் இறப்பர், பின்பு நீதித்தீர்ப்பு என்பது விவிலியத்தின் எபிரேயர் மடலில் வெளிப்படையாக உள்ளது. வினையும் பிறவியும் இல்லாமல் சைவமும் வைணவமும் பௌத்தமும் சமணமும் நிற்க மாட்டா. இதை மழுப்பி எழுதப்படும் கட்டுரைகளை நான் பரிந்துரைப்பதில்லை.

கேள்வி: நானும் என் கிறித்தவ நண்பரும் இவற்றைப் பற்றி அடிக்கடி பேசுகிறோம், பேச்சு வாதத்தில் முடிகிறது. எங்கிருந்து தொடங்கலாம்? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: கடவுள் ஒருவரா, மூவரா என்ற இடத்திலிருந்து தொடங்காதீர்கள். அவர் எப்படி ஜெபிக்கிறார், ஜெபம் வறண்டுபோன நாள்களில் என்ன செய்கிறார் என்று கேளுங்கள். தங்கள் அனுபவத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். சேர்ந்து படிக்க விரும்பினால், தாங்கள் மாணிக்கவாசகரின் சிவபுராணத்தையும் அவர் விவிலியத்தின் 51ஆம் திருப்பாடலையும் எடுத்துக்கொள்ளலாம். அந்தத் திருப்பாடல் 'கடவுளே, உமது பேரன்பிற்கேற்ப எனக்கு இரங்கும்' என்று மன்னிப்பு வேண்டும் பாடல். சிவபுராணமோ 'பொல்லா வினையேன்' என்று தன்னைச் சொல்லிக்கொண்டே இறைவனைப் புகழ்கிறது. இரண்டையும் ஒரே அமர்வில் உரக்கப் படியுங்கள். எந்த வரியில் நண்பரின் குரல் தயங்குகிறது, எந்த வரியில் தங்கள் குரல் தயங்குகிறது என்று கவனித்து, அந்த வரிகளைப் பற்றி முதலில் பேசுங்கள்.