பத்து சென்ட் பையனைக் கேளுங்கள்

கேள்வி: ஆரம்பகால அமெரிக்க காமிக்ஸ் நாயகர்களைப் புகழின்படி வரிசைப்படுத்தி வைத்திருக்கிறேன். 1. சூப்பர்மேன், 2. பேட்மேன், 3. கேப்டன் அமெரிக்கா, 4. வொண்டர் வுமன். கேப்டன் மார்வல் என்ற பழைய நாயகனைப் போன இதழில் நீங்கள் பெரிதாகப் புகழ்ந்திருந்தீர்கள். அவர் சூப்பர்மேனின் நகல்தானே? என் பட்டியலில் அவருக்கு இடமே இல்லை. சரிதானே?
— ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: சரியில்லை, நண்பரே. இது இன்றைய சினிமா போஸ்டரைப் பார்த்துப் போட்ட வரிசை. 1940-களில் பத்து சென்ட் காசோடு அமெரிக்கப் பத்திரிகைக் கடை முன்னால் நின்ற ஒரு பையனிடம் கேட்டிருந்தால், நீங்கள் இடமே இல்லை என்று தள்ளிவிட்ட அந்த கேப்டன் மார்வலை அவன் முதலில் சொல்லியிருப்பான், விட்டால் இரண்டாவதாகச் சொல்லியிருப்பான். அன்றைக்கு யாரை விரும்பினார்கள் என்பது ஒரு கேள்வி. கடைசியில் யார் பிழைத்து வந்தார்கள் என்பது வேறு கேள்வி. நீங்கள் முதல் கேள்வியைக் கேட்டுவிட்டு இரண்டாவதற்குப் பதில் எழுதியிருக்கிறீர்கள்.

சூப்பர்மேன் விஷயத்தில் உங்களோடு பாதி வழி வருகிறேன். 1938 ஜூன் தேதியிட்ட ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழில் அவர் வந்தபோது பதிப்பாளருக்கே முழு நம்பிக்கை இல்லை. முதல் அட்டையில் காரைத் தலைக்கு மேல் தூக்கி நின்றவர் அடுத்த சில இதழ்களின் அட்டையில் இல்லவே இல்லை. ஆனால் விற்பனை ஏறிக்கொண்டே போனது. கடைகளில் விசாரித்தபோதுதான் பிள்ளைகள் பத்திரிகையின் பெயரைச் சொல்லாமல் சூப்பர்மேன் வருகிற புத்தகத்தைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்குவது தெரிந்தது. 1939-இல் நாளிதழ் படக்கதை, அதே வருடம் அவர் பெயரிலேயே தனிப் பத்திரிகை, 1940-இல் வானொலித் தொடர், 1941-இல் திரையரங்குகளில் கார்ட்டூன். அந்த முதல் மூன்று வருடங்களில் அவருக்கு ஈடு யாரும் கிடையாது. (அவரை உருவாக்கிய ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் மொத்த உரிமையையும் 130 டாலருக்குக் கொடுத்துவிட்டார்கள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.)

அப்புறம்தான் கதை மாறுகிறது. 1940 தொடக்கத்தில் ஃபாசெட் நிறுவனத்தின் விஸ் காமிக்ஸில் கேப்டன் மார்வல் வந்தார். எழுதியவர் பில் பார்க்கர், வரைந்தவர் சி. சி. பெக். பில்லி பேட்சன் என்று ஓர் அனாதைப் பையன், தெருவில் பேப்பர் விற்கிறவன், "ஷசாம்" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் மின்னல் இறங்கி அவன் உலகத்திலேயே பலமான மனிதனாகிவிடுவான். இதன் சக்தியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சூப்பர்மேனாக வேண்டுமென்றால் வேறு கிரகத்தில் பிறந்திருக்க வேண்டும், இங்கே படிக்கிற பையன் இருக்கிற இடத்திலிருந்தே ஆகிவிடலாம், அந்த வார்த்தை அவனுக்கும் தெரியும். 1941-இல் ரிபப்ளிக் நிறுவனம் இவரை வைத்து 12 பாகத் திரைத்தொடர் எடுத்தது. நிஜ நடிகர் நடித்து சூப்பர்மேன் திரைக்கு வர 1948 ஆனது. 1944-ஆம் வருடம் மட்டும் கேப்டன் மார்வல் அட்வென்சர்ஸ் பத்திரிகை ஏறக்குறைய 1 கோடியே 40 லட்சம் பிரதிகள் விற்றதாகக் கணக்கு. மற்ற பத்திரிகைகள் மாதம் ஒன்று, இரண்டு மாதத்துக்கு ஒன்று என்று வந்துகொண்டிருந்த காலத்தில் இது ஒரு கட்டத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வந்தது.

நகல் என்கிறீர்களே, அது சூப்பர்மேனை வெளியிட்ட நேஷனல் நிறுவனம், அதாவது இன்றைய டிசி, 1941-இல் நீதிமன்றத்தில் வைத்த குற்றச்சாட்டு. இறுக்கமான உடை, தோளில் துணி, அசுர பலம், இதெல்லாம் ஒத்துப்போவது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டுச் சொல்லுங்கள். 1943 முதல் 1945 வரை 25 பாகமாக ஒரு கதை ஓடியது. உலகத்தையே ஆட்டிவைக்கும் வில்லன் மிஸ்டர் மைண்ட் யார் என்று பார்த்தால், கண்ணாடி போட்ட ஒரு சின்னப் புழு. அந்த விளையாட்டும் குழந்தைத்தனமான கற்பனையும், பெக்கின் அந்தச் சுத்தமான கோடும் சூப்பர்மேனிடம் கிடையாது. அவரிடம் இருந்தவை வேறு.

வழக்கு பத்து வருடத்துக்கு மேல் இழுத்தது. 1951-இல் மேல்முறையீட்டில் ஃபாசெட்டுக்குப் பாதகமாகத் தீர்ப்பு வந்தது, காமிக்ஸ் விற்பனையும் சரிந்துகொண்டிருந்தது, 1953-இல் 4 லட்சம் டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டு காமிக்ஸ் கடையைச் சாத்தினார்கள். கிட்டத்தட்ட இருபது வருடம் அந்த நாயகன் எங்கேயும் இல்லை. இதற்குள் 1967-இல் மார்வல் நிறுவனம் அந்தப் பெயரில் வேறொரு நாயகனைக் கொண்டுவந்துவிட்டது, பழையவரை 1973-இல் டிசியே மறுபடி வெளியிட்டபோது பத்திரிகைக்கு "ஷசாம்" என்றுதான் பெயர் வைக்க முடிந்தது. இப்போது புரிகிறதா, உங்கள் பட்டியலில் அவர் ஏன் இல்லை என்று? வாசகர்கள் கைவிட்டதால் மட்டும் அவர் மறையவில்லை, வழக்கு அவரை எடுத்துக்கொண்டு போனது, பெயரும் கைமாறிப் போனது.

அக்காலத்து விற்பனை எண்களில் விளம்பரத்துக்காகச் சொன்னதும் உண்டு, அச்சடித்ததை விற்றதாகச் சொன்னதும் உண்டு, ஒரு பிரதியை எத்தனை பேர் கைமாற்றிப் படித்தார்கள் என்ற கணக்கோ கிடையவே கிடையாது. அதனால் நான் எண்ணோடு சேர்த்து பதிப்பாளர் என்ன செய்தார் என்பதையும் பார்ப்பேன். ஆல் ஸ்டார் காமிக்ஸில் ஜஸ்டிஸ் சொசைட்டி என்று பல நாயகர்கள் சேர்ந்த குழு ஒன்று இருந்தது. அதில் தனிப் பத்திரிகை கிடைத்துவிட்ட நாயகன் குழுவிலிருந்து விலகிவிட வேண்டும் என்று விதி. ஃப்ளாஷ் விலகினார், கிரீன் லான்டர்ன் விலகினார். ஹாக்மேன் கடைசி வரை ஒரு கதை விடாமல் இருந்தார், தனிப் பத்திரிகை அவருக்கு வரவே இல்லை. இதைவிட நேர்மையான தராசு எனக்குத் தெரியாது.

வொண்டர் வுமனை நான்காவதாக வைத்தீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம். 1941 கடைசியில் வந்த அவரை அந்தக் குழுவில் சேர்க்கலாமா என்று 1942-இல் வாசகர்களிடமே வாக்கெடுப்பு நடத்தினார்கள். முதலில் வந்த 1,801 சீட்டுகளில் ஆம் என்றவர்கள் 1,265 பையன்கள், 333 பெண்கள். வேண்டாம் என்றவர்கள் 197 பையன்கள், வெறும் 6 பெண்கள். பையன்கள்தான், பாருங்கள்! அப்படி ஜெயித்து உள்ளே வந்தவரைக் குழுவின் செயலாளராக உட்காரவைத்துக் குறிப்பெழுத வைத்தார்கள் என்பது அந்தக் குழுவுக்குத்தான் அவமானம்.

கேப்டன் அமெரிக்காவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஹிட்லரின் முகத்தில் குத்துவிடும் அட்டையோடு 1940 டிசம்பரில் கடைக்கு வந்த முதல் இதழ் பத்து லட்சத்தை நெருங்கியது, அமெரிக்கா போரில் இறங்க இன்னும் ஒரு வருடம் இருந்தபோது அது துணிச்சலான அட்டை. போர் முடிந்ததும் அவருக்கு வேலை இல்லாமல் போய், 1950-இல் அவர் பெயர் போட்ட பேய்க்கதைப் பத்திரிகையின் கடைசி இதழில் அவரே இல்லை. 1954-இல் அவர் பத்திரிகையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், மூன்று இதழோடு நின்றது. பேட்மேன் அப்படியில்லை, 1939-இல் வந்தார், அடுத்த வருடம் ராபினையும் சேர்த்துக்கொண்டார், முதலிடத்துக்கு வராவிட்டாலும் ஒருநாளும் படியிறங்கவில்லை.

என் வரிசை இதுதான். 1941 வரை சூப்பர்மேன், போர் உச்சத்தில் இருந்த வருடங்களில் கேப்டன் மார்வல், இரண்டு காலத்தையும் சேர்த்தால் மயிரிழையில் சூப்பர்மேன் முதலிடம், கேப்டன் மார்வல் இரண்டாமிடம். மூன்றாவது பேட்மேன். நான்காவது வொண்டர் வுமன், அதாவது நீங்கள் கொடுத்த அதே இடம்தான், ஆனால் கேப்டன் அமெரிக்காவுக்கு மேலே. வில் ஐஸ்னர் உருவாக்கிய ஸ்பிரிட் என்ற நாயகனை எங்கே வைப்பது என்று அடுத்து கேட்பீர்கள். அந்தக் கதை ஞாயிறு நாளிதழோடு இணைப்பாக வந்தது, யாரும் அதற்கென்று தனியாகக் காசு எடுத்து நீட்டவில்லை, அதனால் இந்த வரிசையில் நான் அதைச் சேர்க்கவில்லை.